கூட்டிச் சொன்ன இரண்டு வயது

ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது, ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. துரைக்கண்ணு வீட்டுத் தறி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் நடந்து போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தொரை வீட்டுத் தறிச் சத்தம் இந்த வருஷம் ஓயவே இல்லை என்று. லோகாம்பாளுக்கு அது காதுக்கு இனிமையாக இருந்தது. பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம், தன் காதைத் தானே அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றும்.

துரைக்கண்ணு நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். குழியில் காலை விட்டு உட்கார்ந்து அவன் நெய்வான். இடது பக்கக் கரைக்கு நாடாவை, ஊடை நூல் ஓடுகிற அந்தக் கட்டையை, தள்ளுவது மகள் ஜெயப்ரியா. அவள் கை இல்லாவிட்டால் கரை இல்லை, கரை இல்லாவிட்டால் புடவையும் இல்லை.

வீட்டுக்குத் தூரமான பெண் தறியைத் தொடக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். மாதத்தில் மூன்று நாள் ஜெயப்ரியா பின்கட்டில் பாயும் தட்டும் தனியாக வைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். தறி நிற்கும். துரைக்கண்ணு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலுக்கும் குழிக்கும் நடப்பான். "முதலாளி முகூர்த்தப் புடவைன்னு உயிர வாங்கறான், இவ போயி படுத்துக்கினா" என்று யாரையும் திட்டாமல் திட்டுவான். லோகாம்பாளும் முன்னொரு காலத்தில் அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்தவள்தான். தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிறகு எழுந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஆவணியில் மகள் ஒதுங்கவில்லை. புரட்டாசியிலும் ஒதுங்கவில்லை. லோகாம்பாள் கவனித்தாள். கவனித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டாள். தீபாவளிப் புடவை தறியில் இருந்தது. பெண் கெட்டிக்காரி, அப்பன் கஷ்டம் தெரிந்து, விஷயத்தை மறைத்துக்கொண்டு தறியில் உட்காருகிறாள் என்று நினைத்தாள். சாமிக்கு மனசுக்குள்ளேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு, தனக்குத் தெரியாத மாதிரியே அடுப்படியில் வேலையைப் பார்த்தாள்.

தீபாவளி விடிகாலை, வெளியே தூறிக்கொண்டிருந்தது. பின்கட்டில் வெந்நீர் கொதித்தது. மகளை மணையில் உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்து, முதுகுக்குத் தேய்த்து, "கைய தூக்குடி" என்று விலாவுக்குக் கொண்டுபோன கை, அடிவயிற்றுக்கு இறங்கியதும் அப்படியே நின்றது. பிள்ளை பெற்றவளின் கை அது. அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஜெயா."

"ம்."

"எத்தினி மாசமாடி நீ தலைக்கு ஊத்திக்கல?"

பெண் திரும்பவில்லை. எண்ணெய் நெற்றியில் வழிந்தது.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

"எனக்கா? எனக்கு எப்படிடி தெரியும்?"

"நீதான் ஒண்ணுமே கேக்கலியே. பாயிகூட எடுத்துப் போடல. அப்போ தெரிஞ்சிக்கினுதான் நீ சும்மா இருக்கறன்னு நெனச்சிக்கினேன்."

லோகாம்பாள் அடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் யாரோ முதல் சரவெடியைக் கொளுத்தினார்கள். அது வெடித்து முடிந்த பிறகு கேட்டாள்.

"யாருடி?"

"வரதன் மாமா."

வரதன் துரைக்கண்ணுவின் அக்கா சம்பூர்ணத்தின் மகன். முசரவாக்கத்தில் நிலம், மோட்டார், நெல் அறுக்கிற மிஷின் என்று இருப்பவன். ஆடியில் அந்த ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். "அத்தை ஊட்ல ஒரு வாரம் இருந்துட்டு வாடி, தறியிலயே கெடந்து மொகம் வெளுத்துப் போச்சி" என்று மகளுக்குப் பாவாடை தாவணி மடித்துக் கொடுத்து அனுப்பியவள் லோகாம்பாள்தான். முறைப்பையன் இருக்கிற வீடு. அங்கே என்ன பயம் என்று யாருக்கும் தோன்றாது. அந்த ஜாதி ஜனத்தில் அப்படித் தோன்றினால்தான் அதிசயம்.

"மோட்டார் கொட்டாயில கூழு குண்டான கழுவிக்கினு இருந்தேன்," என்றாள் ஜெயப்ரியா. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தே பேசினாள். "நான் வேணாம் வேணாம்னுதான்மா சொன்னேன். கட்டிக்கப் போறவன்தானேன்னுச்சி. அப்புறம் போயி பந்தியில உக்காந்து கூழு குடிச்சிது. எங்கிட்டயே இன்னொரு சொம்பு கேட்டுச்சி."

லோகாம்பாள் வெந்நீரை மொண்டு மொண்டு மகள் தலையில் ஊற்றினாள். அண்டா காலியாகும்வரை ஊற்றினாள். சீயக்காய் போட மறந்து போயிற்று.

*

கணவனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இட்லியும் கறிக்குழம்பும் வைத்துவிட்டு, அவன் இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னாள். துரைக்கண்ணு முகம் கறுத்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மூலையில் இருந்த கட்டையைத் தேடுகிற மாதிரி பார்த்தான்.

"எவன்?"

"உங்க அக்கா மவன்."

அப்போது அவன் செய்ததுதான் லோகாம்பாளைக் கலக்கியது. அவன் அடிக்கவில்லை. கத்தவில்லை. நெஞ்சில் பிடித்து வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டான்.

"வரதனா? அவன்தானா?" என்றான். திரும்பவும் உட்கார்ந்தான். "நான் எவனோன்னு பயந்துட்டேன்."

"இன்னாயா சொல்ற நீ?"

"வேற இன்னா சொல்ல சொல்ற? ஊரு சிரிக்கிறதுக்குள்ள கட்டி வெச்சிர்லாம். எங்க அக்கா வேணாம்னா சொல்லும்?"

"பொண்ணு வேணாம்னு சொன்னாளாம்யா. அவன் கேக்கலியாம்."

துரைக்கண்ணு அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான். "தப்புதான். செவுள்ல ரெண்டு வெக்கறேன் அவன. ஆனா அதுக்காவ பொண்ண இன்னா பண்றது? வயித்த வெச்சிக்கினு ஊட்லயே ஒக்கார வெப்பியா?"

அவன் குழம்பை ஊற்றிக்கொண்டு மூன்றாவது இட்லியைப் பிட்டான். வாயில் போடாமல் விரலிலேயே வைத்திருந்தான். தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சம்பூர்ணம். அவள் பேரைச் சொன்னாலே அவன் குரல் இறங்கிவிடும். அது லோகாம்பாளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரிந்த விஷயம்.

*

துரைக்கண்ணு சொல்லி அனுப்பியதும் சம்பூர்ணம் மறுநாளே வந்தாள். மழையில் பஸ் ஏறி, தட்டு நிறைய வாழைப்பழம், அதிரசம், மல்லிகைப்பூ என்று வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரிப்புச் சத்தம் உள்ளே வந்துவிட்டது.

"எங்கடி எம் மருமவ? அத்த வந்துகீறேன், வந்து மொகத்த காட்டுறாளா பாரு!"

"வாங்கண்ணி," என்றாள் லோகாம்பாள்.

"இன்னா லோகா, செத்த ஊட்ல வாங்கன்ற மாதிரி வாங்கன்ற? நம்ம ஊட்டுக் கொழந்தடி அது. எவன் ஊட்டுதோ இல்ல. வரதனுக்கு நான் நல்லா குடுத்தேன். கரண்டியாலயே குடுத்தேன். 'ஏன்டா, தாலிய கட்டிட்டு பண்றதுக்கு இன்னாடா கேடு'ன்னு. தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கிறான். அவங்க அப்பன் மாதிரியே. அவரும் இப்படித்தான், அவசரக் குடுக்க." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

துரைக்கண்ணு குழியிலிருந்து ஏறி வந்து, அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் மழை விட்ட மாதிரி ஒரு தெளிவு.

"கார்த்திகை மொத மூர்த்தம். எங்க ஊரு மாரியம்மன் கோயில்லயே முடிச்சிட்லாம். பந்தலு, மேளம் ஒண்ணும் வாணாம். நம்ம ஜனம் மட்டும் போதும். நீ நெய்யிற புடவையிலயே ஒண்ண கட்டிக்கினு வரட்டும்."

"தறியில இருக்கறது முதலாளிதுக்கா."

"அவன்கிட்ட சொல்லிக்கலாம்பா, இன்னா இப்போ?"

ஜெயப்ரியா தறியின் இடது பக்கத்தில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெய்யாத நேரத்திலும் அவள் உட்காருவது அங்கேதான். நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு வேணாம் அத்தை," என்றாள்.

சம்பூர்ணம் காதில் விழாத மாதிரி அதிரசத்தைப் பிட்டாள்.

"எனக்கு வரதன் மாமா வேணாம்."

"வேணாமா? வேணாம்னா வயித்துல இருக்கறத இன்னா பண்ணுவ? பொட்டியில வெச்சி பூட்டுவியா?" என்று சம்பூர்ணம் சிரித்தாள். "அவ பேசறா பாரு தொரை. கொழந்தப் புள்ளையாட்டம்."

"கொழந்தப் புள்ளதானே அண்ணி," என்றாள் லோகாம்பாள். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை. "பொண்ணுக்குப் பதினெட்டு ஆனாத்தான் கட்டணும்னு சட்டம் இருக்குதே. டீவியிலகூட போடறான்."

"ஏன், ஆவலியா? அன்னிக்கி தறி தறியா செக் பண்ண ஆபீசருங்க வந்தப்ப உம் பொண்ணு இன்னா சொன்னா? நான் இங்கதானே குந்திக்கினு இருந்தேன்! கணீர்னு சொன்னாளே!"

அது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். சின்னப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்திருக்கிறார்களா என்று பார்க்கத் தெருவுக்குள் ஜீப் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் ஒளித்தார்கள். துரைக்கண்ணு ஒளிக்கவில்லை. ஜெயப்ரியாவுக்கு அப்போது பதின்மூன்று. வளர்த்தியான பெண். வயதில் இரண்டைக் கூட்டி, தாவணியைக் கட்டிவிட்டு, ராத்திரி பூராவும் சொல்லிக் கொடுத்தார்கள். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஆபீசர் மாதிரி கேட்டார்கள். அவள் தூக்கக் கலக்கத்திலும் "பதினஞ்சு முடிஞ்சிடுச்சி சார்" என்றாள். மறுநாள் நிஜ ஆபீசரிடமும் அப்படியே சொன்னாள். வந்தவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று கூட்டின இரண்டு வயது அதன் பிறகு குறையவே இல்லை. முதலாளியிடம் அதைத்தான் சொன்னார்கள், ரேஷன் கடையில் அதைத்தான் சொன்னார்கள். தெருவும் அதையே நம்பியது. வருஷா வருஷம் அந்தப் பொய்யும் அவளோடு சேர்ந்து ஒரு வயது வளர்ந்தது. நிஜத்தில் பதினாறு முடிந்த பெண், ஊர்க் கணக்கில் இப்போது பதினெட்டு.

"நீங்களே சொன்ன வயசு," என்றாள் சம்பூர்ணம். "இப்போ வந்து இல்லன்னா, அப்போ ஆபீசருகிட்ட சொன்னது பொய்யின்னு ஆவும். தொரைய புடிச்சிக்கினு போவாங்கோ. பரவால்லியா?"

துரைக்கண்ணு லோகாம்பாளைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பூர்ணம் மல்லிகைப் பூவை எடுத்துத் தறி வரைக்கும் போய், மருமகளின் தலையில் தானே வைத்தாள். ஜெயப்ரியா தலையை நகர்த்தவும் இல்லை, குனியவும் இல்லை.

*

நான்கு நாள் மழை விடவில்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறியது. ஜெயப்ரியாதான் சொம்பில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். பட்டு இழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியது. நெடுக்கு நூலான பாவை நீட்ட, நனைந்த தெருவில் இடமில்லை. வீட்டுக்குள்ளேயே நாலு பேரும் அடைந்துகிடக்கிற மாதிரி இருந்தது. நாலாவது ஆள் யார் என்று நினைத்தபோது லோகாம்பாள் மகள் வயிற்றிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஜெயப்ரியா பக்கத்தில் வந்து முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா அடிக்க மாட்டியே?"

"கேளு."

"தெருக்கோடி தையல்நாயகி அக்கா மூணாவது புள்ள வேணாம்னு சின்னக் காஞ்சிபுரத்துல ஒரு டாக்டரம்மாகிட்ட போச்சே. அது கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தானா?"

லோகாம்பாள் துடுப்பை நிறுத்தினாள். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"எனக்கு இது வேணாம்மா. அந்த ஊட்ல போயி, தெனம் அந்த மோட்டார் கொட்டாய பாத்துக்கினு, அவங்களுக்கே சோறு போட்டுக்கினு... என்னால முடியாது. நீ தறியில ஒக்காருன்னா சாவற வரைக்கும் ஒக்காருறேன். இது மட்டும் வேணாம்மா."

லோகாம்பாள் களிச் சட்டியை இறக்கிவைத்தாள். முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு துரைக்கண்ணுவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு வளையலு பாத்துட்டு வர்றோம்யா. களி எடுத்துப் போட்டுக்கோ."

*

சின்னக் காஞ்சிபுரத்தில் நாமகிரி டாக்டரம்மாவின் வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். முன்பக்கம் பெஞ்சு, மாடியில் கட்டில்கள், அறைக்குள்ளே வரதராஜப் பெருமாள் படம், மேஜையில் மூடிவைத்த காபி டம்ளர். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். தலை பாதி நரைத்திருந்தது. ஜெயப்ரியாவைப் பரிசோதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாலாம் மாசம். கல்யாணம் ஆகலை, இல்லியா?"

இல்லை என்று லோகாம்பாள் தலையாட்டினாள்.

"வயசு என்னம்மா?"

"பதினெட்டு முடிஞ்சிடுச்சி," என்றாள் ஜெயப்ரியா.

அவள் யோசித்துச் சொன்னதில்லை அது. நெஞ்சில் அடித்து ஏற்றின பாடம், கேட்டவுடன் வந்துவிட்டது. கணீரென்றுதான் வந்தது. சொல்லிவிட்டு அவளே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

லோகாம்பாள் மேஜையில் இருந்த காபி டம்ளரைப் பார்த்தாள்.

"அப்போ நீ மேஜர். உன் சம்மதம் போதும், வேற யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்," என்றாள் டாக்டரம்மா. "அம்மா, நீங்க வெளியில உக்காருங்கோ. நான் இவகிட்ட தனியா பேசணும்."

லோகாம்பாள் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். முதலில் ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கையெழுத்து வேண்டாமாம். நாளைக்குத் துரைக்கண்ணு கேட்டால், 'உம் பொண்ணே போட்டா, நான் இன்னா பண்ணட்டும்' என்று சொல்லிவிடலாம். நாத்தனார் கேட்டாலும் அதேதான். அவள் எதிலும் இல்லை. வளையல் வாங்க வந்தவள், அவ்வளவுதான்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் தன் மாமியாரோடு மாங்காய் ஊறுகாயைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை கம்பி கம்பியாக இறங்கியது. லோகாம்பாள் வளையல் இல்லாத தன் கையைப் பார்த்தாள். வயது கேட்டபோது மகள் திரும்பிப் பார்த்த பார்வை கண்ணிலேயே நின்றது. அன்றைக்கு ஜீப் வந்தபோதும் அந்தப் பெண் அப்படித்தான் பார்த்தாள். சொன்னது சரியா அம்மா என்று.

பதினெட்டு என்றால் இங்கே அவள் சம்மதம் போதும். பதினெட்டு என்றால் முசரவாக்கத்து மாரியம்மன் கோயிலில் தாலியும் கட்டலாம். இன்றைக்கு இது கழிந்தாலும் தை மாதம் வரும், மாசி வரும். சம்பூர்ணம் தட்டோடு வருவாள். 'பதினெட்டு ஆச்சே' என்பாள். கூட்டின அந்த இரண்டு வயதைக் குறைக்காமல், இந்தப் பெண்ணுக்குத் தப்பிக்க வழி கிடையாது. அதைக் குறைக்கக்கூடியவள் பெற்றவள் ஒருத்திதான்.

அவள் எழுந்து, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"பதினாறும்மா. பதினெட்டு இல்ல. நாங்கதான் பொய் சொல்லக் கத்துக் குடுத்தோம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "யாருகிட்ட பொய் சொல்ல?"

"தறி செக் பண்ண வந்தவங்ககிட்ட. அப்போ இவளுக்குப் பதிமூணு."

திட்டு விழும் என்று லோகாம்பாள் எதிர்பார்த்தாள். டாக்டரம்மா பெருமூச்சு விட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்கோ. நல்ல வேளை, இப்போவாவது சொன்னேளே. நான் பாட்டுக்கு இவகிட்ட கையெழுத்து வாங்கிண்டிருப்பேன். பதினெட்டுக்குக் கீழேன்னா பொறுப்புல இருக்கறவா எழுத்துல சம்மதம் குடுக்கணும். அதுதான் சட்டம்."

"அவங்க அப்பா வரமாட்டாரும்மா."

"அப்பான்னு சட்டத்துல எங்கேயும் எழுதலை. பொண்ணு யார் பொறுப்புல இருக்காளோ அவான்னுதான் இருக்கு. உங்களோடதானே இருக்கா?"

"எங்கூடத்தான்மா இருக்கா. எப்பவும்."

"அப்போ நீங்க போதும். ஆனா இதையும் கேட்டுக்கோங்கோ. நீங்க போட்டுட்டேள்ங்கறதுக்காக இவளைக் கேக்காம நான் கை வெக்க மாட்டேன். கேட்டேன். வேணாம்னு தெளிவா சொல்றா. என்ன நடந்ததுன்னும் சொன்னா." டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "அது குத்தம். போலீசுக்குப் போகலாம். போகணுமா?"

லோகாம்பாள் பதறினாள். "ஐயோ வேணாம்மா. அவரோட அக்கா மவன்மா அவன்."

ஜெயப்ரியா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை லோகாம்பாளால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தாள். ஒரு பொய்யைத்தான் அவளால் அன்றைக்கு உடைக்க முடிந்தது.

"இன்னிக்கே சொல்லணும்னு இல்லை," என்றாள் டாக்டரம்மா, மகளிடம். "தோணும்போது வா. இப்போ, மூணு மாசம் தாண்டினதால இன்னொரு டாக்டரும் பார்த்து ஒத்துக்கணும். நாளைக்குக் காலம்பர வருவா. ரெண்டு நாள் இங்க இருக்கணும். தள்ளிப் போடாதீங்கோ. அஞ்சு மாசம் ஆயிடுத்துன்னா, யார் வந்து அழுதாலும் சட்டம் இடம் குடுக்காது. வெளியில யாருக்கும் இது போகாது, அது என் பொறுப்பு."

லோகாம்பாள் பேனாவை வாங்கினாள். அஞ்சாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பேர் எழுதிய இடங்கள் குறைவு. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 'ம்பா' எழுதும்போது எழுத்து கோட்டைத் தாண்டிற்று.

*

வீட்டுக்கு வந்தபோது துரைக்கண்ணு தறிக்குழியில் நின்று தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

"வளையலு எங்க?"

"வாங்கல." லோகாம்பாள் நனைந்த புடவையோடு அவன் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை. வயதைச் சொன்னதையும் சொன்னாள்.

"யாரக் கேட்டு போட்ட?"

"யாரையும் கேக்கல."

"எங்க அக்கா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? தூக்கி வளத்தவடி அவ."

"நம்ம பொண்ணு மொகத்துல எப்படி முழிப்ப?"

அவன் சொம்பைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் பட்டு, உருண்டு, திரும்பவும் குழிக்குள்ளேயே விழுந்தது. அவன் அதைத் தேடித் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினான். வெகுநேரம் துழாவினான். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ போட்டது உன் கையெழுத்து. என்ன எதுவும் கேக்காத," என்றான்.

மறுநாள் காலையில் அவர்கள் கிளம்பும்போது அவன் வாசலுக்கு வரவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு லோகாம்பாள் பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். இன்னொரு பொய். பழகின நாக்கு, சுலபமாகச் சொல்லிற்று.

ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாளும் ஜெயப்ரியா அதிகம் பேசவில்லை. வலி வந்தபோது அம்மாவின் கையைப் பிடித்த பிடியில், வருஷக் கணக்காக நாடா தள்ளின விரல்களின் பலம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, "நைனா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"தறியில வேல இருக்குது," என்றாள் லோகாம்பாள்.

"நான் இல்லாம இன்னா வேல?" என்றாள் பெண். சிரிக்க முயன்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

திரும்பி வந்த அன்று, பின்கட்டில் வழக்கமான இடத்தில் லோகாம்பாள் பாயை விரித்தாள். தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துவைத்தாள். மூன்று மாதமாகப் பரணில் கிடந்த பாய். தட்டித் தூசி உதறும்போது, கணவன் வாசற்படியிலிருந்து பார்ப்பது தெரிந்தது. சோறு போட்டால் சாப்பிட்டான். கூப்பிட்டால் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. லோகாம்பாள் மிளகு ரசம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் சம்பூர்ணத்தின் சிரிப்பு கேட்டது. கையில் தாம்பாளம். மஞ்சள், குங்குமம், ஒரு முழம் கதம்பம், தாலிச் சரட்டுக்கு நூல்.

"சரட்டுக்கு மஞ்ச தடவ மருமவ கை வேணும்! எங்கடி லோகா, இன்னும் தூங்கறாளா? வயித்துப் புள்ளக்காரி தூங்கத்தான் தூங்குவா."

லோகாம்பாள் அடுப்படி வாசலில் நின்றாள். சம்பூர்ணம் படியேறி, நடையைத் தாண்டி, தறி வரைக்கும் வந்துவிட்டாள். பின்கட்டுக்கு இன்னும் நாலு அடிதான்.

"அங்கயே நில்லுக்கா."

குழிக்குள்ளிருந்து வந்தது குரல். துரைக்கண்ணு எழுந்து நின்றான். முழங்காலுக்குக் கீழே ஈரம். கையில் அந்தச் சொம்பு.

"இன்னாடா?"

"உள்ள வராத. பொண்ணு ஊட்டுக்குத் தூரம்."

சம்பூர்ணத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்லப் போயிற்று.

"வயித்துல இருக்கறவ எப்படிடா தூர..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். தறியைப் பார்த்தாள். இடது பக்கம் காலியாக இருந்தது. லோகாம்பாளைப் பார்த்தாள். "அடிப்பாவி. எம் புள்ளயோட ரத்தத்தையாடி?"

"அவள ஒண்ணும் சொல்லாத," என்றான் துரைக்கண்ணு. சொம்பைக் குழி விளிம்பில் வைத்தான். "பொண்ணுக்குப் பதினாறுதான்கா. அன்னிக்கி ரெண்டு வயசு கூட்டிச் சொன்னது நான். நீ வேணா போயி ஆபீசருகிட்டயே சொல்லு. புடிச்சிக்கினு போவட்டும்."

"உன்ன இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சேன்டா."

"ஆமாக்கா."

"இனிமே உனக்கு அக்கா இல்ல. செத்தாலும் சொல்லி அனுப்பாத."

அவள் திரும்பினாள். நடையில் தாம்பாளம் சாய்ந்து குங்குமம் கொட்டிற்று. அதைத் தாண்டிப் போய், செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். துரைக்கண்ணு அவள் போன திசையைப் பார்க்கவில்லை. குழியில் உட்கார்ந்தான். நெய்து சுருட்டி வைத்திருந்த பட்டின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். முதலாளியின் புடவை, கண்ணீர் பட்டால் கறை பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். புறங்கையைக் கண்ணுக்குக் கீழே கொடுத்துக்கொண்டான்.

லோகாம்பாள் அவன் பக்கத்தில் போக நினைத்தாள். அடுப்படி வாசலிலேயே நின்றாள். அவன் இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்வீட்டு வீராசாமி வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னா தொரை, ஒரு வாரமா சத்தமே காணோம்?"

துரைக்கண்ணு தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நிக்கிதுபா."

பின்கட்டில் பாய் சரசரத்தது. "அம்மா, தண்ணி," என்றாள் ஜெயப்ரியா. லோகாம்பாள் தனியாக வைத்திருந்த டம்ளரை எடுத்து, சூடு ஆற்றி, கொண்டுபோனாள்.